பொருந்தக் கூடாத முனை

வாசல் ஓரத்திலும் கோயில் நந்தவனத்திலும் வருஷம் முழுக்கப் பூக்கும் செடி நித்தியகல்யாணி. தண்ணீர் ஊற்ற மறந்தாலும் பட்டுப்போகாது, ஆடு மாடு வாய் வைக்காது. தென் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் இதைப் பயிராகவே போடுகிறார்கள். காய்ந்த இலையும் வேரும் மூட்டை மூட்டையாக ஏற்றுமதியாகின்றன. அந்த இலையிலிருந்து கிடைக்கும் புற்றுநோய் மருந்துகளில் ஒன்று வின்பிளாஸ்டின், இன்னொன்று வின்கிரிஸ்டின். ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ இலை வேண்டும். இந்த அத்தியாயத்தின் கதை வின்கிரிஸ்டினைச் சுற்றி நடக்கிறது. போகக் கூடாத இடத்துக்கு அந்த மருந்து நாற்பது ஆண்டுகளாக எப்படித் திரும்பத் திரும்பப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் கதை.

1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர் இந்த இலையைச் சர்க்கரை நோய்க்கு மருந்தாகுமா என்று சோதித்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. சோதனை எலிகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்தன. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்தான் ரத்தப் புற்றுநோய் என்பதால் அவர்கள் திசையை மாற்றிக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் வின்கிரிஸ்டினும் பிரித்தெடுக்கப்பட்டு, 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவரை ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் பெரும்பாலும் சில மாதங்களே இருந்தார்கள். இன்று நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் வரை பிழைக்கிறார்கள். அந்த மாற்றத்தில் இந்தச் செடிக்குப் பெரிய பங்கு உண்டு.

உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதற்குள் நுண்குழல்கள் உருவாகி, மரபுப் பொருளை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்கின்றன. டியூபுலின் என்ற புரதத்தால் கட்டப்படுபவை அந்தக் குழல்கள். வின்கிரிஸ்டின் டியூபுலினைப் பிடித்துக்கொண்டு குழல் உருவாக விடாமல் செய்கிறது. பிரிய முடியாத புற்றணு மடிகிறது. ஆனால் நுண்குழல்கள் நரம்பணுக்களிலும் உண்டு. அங்கே அவை பிரிவதற்காக இல்லை. நீண்ட நரம்பிழையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சத்தும் சரக்கும் போவதற்கான தண்டவாளம் அவை. ரத்தக்குழாய் வழியாகப் போகும்போது மூளையையும் தண்டுவடத்தையும் இந்த மருந்து அவ்வளவாகத் தொடுவதில்லை. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே இயற்கை வைத்திருக்கும் தடுப்பு அதைப் பெரும்பாலும் வெளியே நிறுத்திவிடுகிறது. அதே மருந்து நேராகத் தண்டுவட நீருக்குள் இறங்கினால் தண்டவாளம் முழுவதும் கழன்றுபோகிறது. கால்கள் முதலில் செயலிழக்கும், செயலிழப்பு மேல்நோக்கி ஏறும், கடைசியில் மூச்சு நிற்கும். நோயாளி நாள்கணக்கில் நினைவோடு இருந்து இதை அனுபவிப்பதும் உண்டு. தப்பியவர்கள் மிகமிகச் சிலர். அவர்களும் முடங்கிப்போனவர்கள்.

அப்படியானால் அந்த மருந்தை ஏன் ஒருவர் தண்டுவடத்தின் பக்கம் கொண்டுபோக வேண்டும்? மூளையைக் காக்கும் அதே தடுப்பு, புற்றணுக்களுக்கும் ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கிறது. ரத்தக்குழாயில் ஏற்றும் மருந்து அங்கே எட்டாது. 1960களில் அமெரிக்க மருத்துவர் டொனால்ட் பிங்கலும் அவர் குழுவும் இதைக் கண்டு, மூளைக்குக் கதிர்வீச்சும் தண்டுவடத்துக்குள் நேரடியாக மெத்தோட்ரெக்சேட் மருந்தும் கொடுக்கத் தொடங்கினார்கள். அதன் பிறகுதான் குணமடைதல் என்ற சொல்லுக்கே பொருள் வந்தது. ஆக, ஒரே நோயாளிக்கு, ஒரே கட்டச் சிகிச்சையில், பல நேரம் ஒரே நாளில், இரண்டு சிரிஞ்சுகள் வரும். ஒன்று முதுகுத் தண்டுக்கு, மெத்தோட்ரெக்சேட் அல்லது சைட்டராபின். மற்றது கையின் ரத்தக்குழாய்க்கு, பேச்சுவழக்கில் சொன்னால் நரம்புக்கு, வின்கிரிஸ்டின். இரண்டு சிரிஞ்சின் முனையும் ஒரே அளவு. எந்தச் சிரிஞ்சும் எந்த ஊசியிலும் பொருந்தும்.

2001 ஜனவரி 4, இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரம், குயின்ஸ் மெடிக்கல் சென்டர். ரத்தப் புற்றுநோய் கட்டுக்குள் வந்துவிட்ட 18 வயது இளைஞர் ஒருவர் வழக்கமான ஊசிக்கு வருகிறார். காலையில் வர வேண்டியவர், வந்தது பிற்பகலில். தண்டுவட மருந்தும் வின்கிரிஸ்டினும் வேறு வேறு நாளில் கொடுக்கப்பட வேண்டும் என்று அந்த மருத்துவமனையில் விதி இருந்தது. இருந்தும் அன்று இரண்டும் ஒன்றாகவே வார்டு ஃபிரிட்ஜில் இருந்தன. செவிலியர் எடுத்துக்கொடுத்த பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு உறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிரிஞ்சு. ஊசி போடும் ஜூனியர் மருத்துவருக்கு இந்த வேலையில் அனுபவம் குறைவு. மேற்பார்வை பார்த்த சீனியர் அந்த வார்டில் சேர்ந்து சில நாட்களே ஆகியிருந்தன. முதல் வாரங்களில் அவர் மற்றவர்களின் 'நிழலாக' இருந்து கவனிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் நிழலாக இருப்பது என்றால் எதுவரை என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

சீனியர் முதல் சிரிஞ்சை எடுத்து நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அளவு மூன்றையும் உரக்கப் படித்தார். எந்த வழியாகக் கொடுக்க வேண்டும் என்பதைப் படிக்கவில்லை. ஜூனியர் முதுகில் இறங்கியிருந்த ஊசியில் சிரிஞ்சைப் பொருத்தி மருந்தைச் செலுத்தினார். அடுத்து இரண்டாவது சிரிஞ்சு நீட்டப்பட்டது.

"வின்கிரிஸ்டினா?" என்று ஜூனியர் கேட்டார். ஆமாம் என்று பதில் வந்தது. "தண்டுவடத்துக்குள்ளா?" என்று மறுபடி கேட்டார். அதற்கும் ஆமாம்.

மருந்து உள்ளே போனது. சற்று நேரத்தில் தவறு தெரிந்து தண்டுவட நீரைக் கழுவி எடுக்க முயன்றார்கள். 2001 பிப்ரவரி 2 அன்று அந்த இளைஞர் இறந்தார்.

அவ்வளவு தெளிவாக இரண்டு முறை கேட்ட பிறகுமா என்று படிப்பவருக்கு ரத்தம் கொதிக்கும். முதல்முறை படித்தபோது எனக்கும் கொதித்தது. அந்தக் கொதிப்பு நியாயமானது, அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கோபத்தோடு நின்றுவிட்டால் ஒரு விஷயம் கண்ணில் படாமலே போய்விடுகிறது. இதே தவறு உலகில் முதன்முதலாகப் பதிவானது 1968இல். பிரிட்டனில் மட்டும் 1985க்குப் பிறகு, தண்டுவடத்துக்குள் தவறான மருந்து போய் குறைந்தது 13 பேர் இறந்தோ முடங்கியோ இருந்தார்கள். இந்த எண்ணிக்கையை 2000இல் பிரிட்டன் அரசின் தலைமை மருத்துவ அதிகாரி லியம் டொனால்ட்சன் தலைமையில் வந்த அறிக்கையே சொன்னது. 2001 முடிவதற்குள் இந்த வகைச் சாவைப் பூஜ்யமாக்க வேண்டும் என்று இலக்கும் வைத்தது. நாட்டிங்ஹாம் இளைஞர் இறந்தது அந்த இலக்கு ஆண்டின் இரண்டாவது மாதத்தில்.

பதிமூன்று பேருக்கு, வேறு வேறு ஊர்களில், வேறு வேறு மருத்துவர்கள் கையால் ஏறக்குறைய ஒரே விபத்து நேர்கிறது. அத்தனை பேரும் அலட்சியக்காரர்கள் என்று நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது.

1997இல் லண்டனில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் 12 வயதுச் சிறுவனுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். மயக்கம் கொடுத்துத் தண்டுவட ஊசி போட வேண்டிய நாளில் அவன் பிஸ்கட் தின்றுவிட்டான். வயிறு காலியாக இல்லாமல் மயக்கம் கொடுக்க முடியாது என்பதால் நேரம் தள்ளிப்போனது. புற்றுநோய் வார்டில் படுக்கை இல்லை, வேறு வார்டில் சேர்த்தார்கள். அங்கிருந்த செவிலியர்களுக்கு இந்த மருந்துகள் பழக்கமில்லை. இரண்டு சிரிஞ்சும் சேர்ந்தே அறுவை அரங்குக்குப் போயின. புற்றுநோய் மருத்துவர் வேறு இடத்தில் இருந்தார். மயக்க மருத்துவரோடு தொலைபேசியில் பேசினார், அவரே ஊசியைப் போட்டுவிடலாம் என்று முடிவானது. மயக்க மருத்துவர் அதற்கு முன் புற்றுநோய் மருந்தைக் கையாண்டதில்லை. வின்கிரிஸ்டின் முதுகுக்குள் போனது. சிறுவன் இறந்தான். இருவர் மீதும் வழக்குப் போட்டு, பிறகு அரசுத் தரப்பே வழக்கைக் கைவிட்டது.

இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் எவ்வளவு சாதாரணமானது என்று பாருங்கள். குழந்தை பிஸ்கட் தின்பது, படுக்கை கிடைக்காமல் போவது, நேரம் தள்ளிப்போவது, மருத்துவர்கள் போனில் பேசி முடிவெடுப்பது. நம் ஊர் மருத்துவமனையில் ஒரு வாரம் உறவினருக்குத் துணையாக இருந்தவர்கள் இந்த நான்கையும் பார்த்திருப்பார்கள். இவை தனித்தனியாக யாரையும் கொல்வதில்லை. ஒரே பகலில் நான்கும் வரிசையாக வந்து, கடைசியில் மருந்தைத் தடுக்க ஒன்றும் மிஞ்சாமல் போகும்போதுதான் உயிர் போகிறது. மான்செஸ்டரின் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் இதைத்தான் ஆயுள் முழுக்க ஆராய்ந்தார். அவரை இந்தத் துறைக்குள் இழுத்தது அவர் வீட்டுச் சமையலறை. ஒருநாள் டீ போட்டுக்கொண்டே பூனைக்குத் தீனியும் வைக்கப் போனவர், பூனைத் தீனியை எடுத்துத் தேநீர்க் கூஜாவில் போட்டுவிட்டார். பழகிப்போன இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும்போது, ஒன்றின் பொருள் மற்றதன் பாத்திரத்துக்குள் போய்விடுகிறது. அறிவு குறைந்தவர்களுக்கு வரும் நோயாக அவர் இதைப் பார்க்கவில்லை. ஒரு வேலையைத் திறமையாகச் செய்யப் பழகியவர்களுக்கே, கை தன்பாட்டில் இயங்குவதால், இந்தச் சறுக்கல் அதிகம் வருகிறது. தெரியாமல் செய்யும் தப்பு ஒரு வகை. தெரிந்தவர் கைதவறிச் செய்வது முற்றிலும் வேறு வகை. முதல் வகைக்குப் பயிற்சி மருந்தாகும். இரண்டாவதற்குப் பயிற்சியால் பெரிய பலன் இல்லை, அவருக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும்.

நாட்டிங்ஹாம் சீனியர் பிறகு சொன்னது இதனோடு பொருந்துகிறது. அந்த நேரத்தில் தன் மனதில் ஓடியது மெத்தோட்ரெக்சேட் என்றார். லேபிளில் கண் பட்டது, வாய் படித்தது, காது கேட்டது. ஆனால் எதிர்பார்த்ததைத்தான் மனம் வாசித்தது. அந்த விபத்தை விசாரித்த பேராசிரியர் பிரையன் டாஃப்ட் பின்னாளில் இதற்கே தனியாக ஒரு கட்டுரை எழுதினார். ஒரே சரிபார்ப்பை நூற்றுக்கணக்கான முறை செய்து, ஒவ்வொரு முறையும் எல்லாம் சரியாகவே இருந்தால், சரிபார்ப்பது சடங்காகிவிடுகிறது என்பது அவர் கருத்து. இருவர் பார்த்தால் தப்பு வராது என்று நாம் நம்புகிறோம். அவர் பார்த்திருப்பார் என்று இவரும், இவர் பார்ப்பார் என்று அவரும் இருந்துவிடுவதும் நடக்கிறது.

ஜூனியர் விஷயம் இன்னொன்று. அவருக்கு உள்ளூர ஏதோ உறுத்தியது, அதனால்தான் கேட்டார். சீனியர் ஆமாம் என்றதும் அதற்கு மேல் எதிர்த்துக் கேட்கத் தன்னால் முடியவில்லை என்று விசாரணையில் சொன்னார். 'சார் சொல்லிட்டார்' என்பதற்கு மேல் பேச்சில்லாத வார்டுகள் நமக்கும் தெரியும். சந்தேகத்தைக் கேள்வியாக மட்டும் வைத்தால் சீனியரின் ஒரு 'ஆமாம்' அதை மூடிவிடுகிறது. "நிறுத்துங்க சார், இது முதுகுக்குப் போகக் கூடாது" என்று சொல்வது அப்படி மூடிவிட முடியாதது. அப்படிப் பேசுவதற்கான அனுமதியை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, சீனியரே தன் வாயால் கொடுத்திருக்க வேண்டும். விமானத் துறையில் துணை விமானிகளுக்கு இதைப் பாடமாகவே வைத்துக் கற்றுத்தருகிறார்கள்.

விமானத் துறையைச் சொன்னதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கி, ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வயிறு தட்டி விழுந்தன. விமானி, இறக்கையின் மடிப்பை உள்ளே இழுப்பதாக நினைத்துக்கொண்டு சக்கரத்தை உள்ளே இழுத்துவிடுவார். விமானியின் பிழை என்று கோப்பில் எழுதி மூடினார்கள். 1943இல் அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளர் விமானிகளை விட்டுவிட்டு விமானி அறையைப் பார்த்தார். இரண்டு சுவிட்சும் அருகருகே, ஒரே வடிவத்தில் இருந்தன. இவை தள்ளித் தள்ளி இருந்த வேறு வகை விமானத்தில் அந்த விபத்து இல்லை. சக்கரத்தின் கைப்பிடி நுனியில் சின்னச் சக்கரம் ஒன்றையும், மடிப்பின் கைப்பிடி நுனியில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றையும் மாட்டச் சொன்னார். களைத்துப்போன விமானியும் இருட்டில் தடவியே கண்டுகொள்ளலாம். அந்த விபத்து நின்றது. ஒரு விமானியையும் கூடுதலாகக் கண்டிக்க வேண்டியிருக்கவில்லை.

மருத்துவமனையில் சபானிஸ் பார்க்க வேண்டிய சுவிட்ச், சிரிஞ்சின் முனை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸின் லூயர் நிறுவனம் கண்ணாடிச் சிரிஞ்சுக்கு ஒரு கூம்பு முனையை வடிவமைத்தது. நூறு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஆறு மில்லிமீட்டர் விட்டம் குறையும் சரிவு. ஊசி கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், ஒழுகாது, திருகாமலே கழற்றலாம். அவ்வளவு நல்ல வடிவம் என்பதால் உலகமே அதை எடுத்துக்கொண்டது. நரம்பில் ஏற்றும் டிரிப் குழாய், தமனிக் குழாய், முதுகு ஊசி, மூக்கு வழி உணவுக் குழாய், சில ரத்த அழுத்தக் கருவிகளின் காற்றுக் குழாய் என எல்லாவற்றுக்கும் அதே முனை. எதுவும் எதோடும் இணையும் வசதி, செவிலியருக்கு நாளெல்லாம் உதவியது. அதே வசதியால் உணவுக் கரைசல் நரம்புக்குள் ஏறியிருக்கிறது, ரத்த அழுத்தக் கருவியின் காற்று ரத்தக்குழாய்க்குள் புகுந்திருக்கிறது. வின்கிரிஸ்டின் முதுகுக்குள் போனதும் இதே வாசல் வழியாகத்தான்.

ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் செய்யப்பட்டவை என்னென்ன? சிரிஞ்சில் எச்சரிக்கை லேபிள் ஒட்டினார்கள். லேபிளின் எழுத்தைப் பெரிதாக்கினார்கள். சுற்றறிக்கை அனுப்பினார்கள். இருவர் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். தண்டுவட ஊசி போட அனுமதி பெற்றவர்களின் பட்டியல் வைத்தார்கள், தனி அறை, தனி நாள் என்று ஒதுக்கினார்கள். இவற்றில் சில, குறிப்பாகப் பட்டியலும் தனி நாளும், உண்மையிலேயே உதவின. ஆனால் நாட்டிங்ஹாமிலும் விதி இருந்தது என்பதை மறக்கக் கூடாது. காலையில் வர வேண்டிய நோயாளி பிற்பகல் வந்தால், தனி நாள் விதி வளைகிறது. எச்சரிக்கையும் விதியும் அந்த நொடியில் ஒருவர் நினைவில் இருந்தால்தான் வேலை செய்யும். நினைவு தவறும் நொடிக்காகத்தான் நமக்குப் பாதுகாப்பே தேவைப்படுகிறது.

மயக்க மருத்துவம் இதை வெகுகாலம் முன்பே கண்டுகொண்டது. ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வில் இரண்டாவது, ஐந்தாவது இடங்களில் துளை இருக்கும், மயக்க இயந்திரத்தின் நுகத்தில் அதே இடங்களில் இரண்டு முளை. மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்சைடின் சிலிண்டருக்கு மூன்றும் ஐந்தும். மாற்றி மாட்ட எவ்வளவு முயன்றாலும் உட்காராது. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜெஃப்ரி கூப்பர் என்ற பொறியாளர், மயக்க மருத்துவர்களை உட்காரவைத்து, நேர்ந்த, நேரவிருந்த தவறுகளைப் பேசவைத்து, 359 சம்பவங்களைத் திரட்டி 1978இல் வெளியிட்டார். அவற்றில் 82 சதவீதத்தில் மனிதத் தவறு இருந்தது, கருவி பழுதானது 14 சதவீதத்தில்தான். மருத்துவர்களைத் திட்டுவதற்கு வாகான எண்கள் இவை. அந்தத் துறை அப்படிச் செய்யவில்லை. இயந்திரத்தின் அமைப்பை மாற்றியது. ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவிகளையும் அலாரங்களையும் கட்டாயமாக்கியது.

முளையும் துளையும்கூட எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது, அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சிட்னியின் பேங்ஸ்டவுன் மருத்துவமனையில் 2016இல் பிறந்த குழந்தைக்கு மூச்சு கொடுக்க ஆக்சிஜன் குழாயைத் திறந்தார்கள், வந்தது நைட்ரஸ் ஆக்சைடு. சுவரில் இருந்த இணைப்பு சரியான இணைப்புதான். சுவருக்குப் பின்னால் குழாய் பதித்தவர்கள் மாற்றி இணைத்திருந்தார்கள். ஒரு குழந்தை இறந்தது, இன்னொரு குழந்தைக்கு மூளை பாதிக்கப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தின் அரசு மருத்துவமனை ஒன்றில் 2011இல் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்குப் போன பெண்ணுக்கு ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஸ் ஆக்சைடு போய், நினைவு திரும்பாமலே அடுத்த ஆண்டு இறந்துபோனார். நீதிமன்றம் இழப்பீடு வழங்கச் சொன்னது. புதிதாகக் குழாய் பதித்த ஒவ்வொரு முனையிலும், நோயாளியை அண்டவிடும் முன், என்ன வாயு வருகிறது என்று கருவி வைத்து அளந்து பார்க்காமல் திறப்பு விழா நடத்தவே கூடாது என்பது என் அழுத்தமான கருத்து.

வின்கிரிஸ்டினுக்கு வருவோம். விடை வெகு எளிமையாக இருந்தது. மருந்தைச் சிரிஞ்சில் அனுப்பாதே, 50 மில்லி சலைன் பையில் கலந்து, டிரிப்பாகத் தொங்கவிடு. தண்டுவடத்துக்குள் ஒரு தடவையில் செலுத்துவது சில மில்லிதான், ஐம்பது மில்லி பையை யாரும் முதுகு ஊசியில் மாட்டிப் பார்க்க நினைக்கவே மாட்டார்கள். கைக்கு வரும் பொருளே இது டிரிப் என்று சொல்லிவிடுகிறது. களைப்பும் அவசரமும் சீனியரின் மனதில் ஓடும் வேறொரு மருந்தின் பெயரும் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. 2007இல் ஹாங்காங்கில் 21 வயதுப் பெண் ஒருவர் இதே தவறில் இறந்த பிறகு, உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளுக்கும் இதைப் பரிந்துரைத்தது. 1968 முதல் 55 சம்பவங்கள் பதிவாகியிருப்பதாக அந்த அறிவிப்பு சொன்னது. பதிவானவை மட்டும் அத்தனை.

இவ்வளவு எளிய விடைக்கு ஏன் நாற்பது ஆண்டு? மருத்துவர்களிடம் ஒரு நேர்மையான அச்சம் இருந்தது. வின்கிரிஸ்டின் நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கும். சிரிஞ்சில் கொடுக்கும்போது செவிலியர் பக்கத்திலேயே இருந்து ஓரிரு நிமிடத்தில் முடித்துவிடுவார், பையில் தொங்கவிட்டால் கசிவை யார் பார்ப்பது என்று கேட்டார்கள். பைக்கு மாறிய மருத்துவமனைகள் கணக்கெடுத்தபோது கசிவு அரிதாகவே இருந்தது, சிரிஞ்சைவிடக் கூடவில்லை. பை ஓடி முடியும் ஐந்து பத்து நிமிடமும் செவிலியர் அருகில் நின்றால் போதும். அச்சத்தைவிட வலுவான காரணம் வேறொன்று என்று நினைக்கிறேன். ஒவ்வொரு மருத்துவமனையும், தவறு நடந்த அந்த மற்ற மருத்துவமனையில் ஆட்கள் சரியில்லை என்று நம்பியது. நம்மிடம் நல்ல செவிலியர்கள், நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள், நமக்கு எதற்கு இது என்ற எண்ணம். நாட்டிங்ஹாமின் சீனியர் 2003இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு எட்டு மாதத் தண்டனை பெற்றார். விசாரணைக் காலத்திலேயே அதைவிட அதிக நாள் சிறையில் இருந்துவிட்டார். மகனை இழந்த பெற்றோருக்கு அது போதாது என்றே தோன்றியிருக்கும். ஆனால் அந்தத் தண்டனையால் எந்த வார்டிலும் எந்தச் சிரிஞ்சின் முனையும் மாறவில்லை.

தண்டனையே வேண்டாம் என்று இங்கே வாதாடவில்லை. குடித்துவிட்டு அறுவை செய்பவரும், எச்சரித்த பிறகும் தெரிந்தே விதியை மீறுபவரும் வேறு. அந்த வேறுபாட்டை இந்திய உச்ச நீதிமன்றம் 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் பொறுமையாக ஆராய்ந்தது. மூச்சுத் திணறிய முதியவருக்குக் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது என்பதுதான் அந்த வழக்கின் தொடக்கம். மயக்க மருத்துவர் ஆலன் மெர்ரியும், சட்டப் பேராசிரியரும் நாவலாசிரியருமான அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித்தும் மருத்துவத் தவறுகளைப் பற்றி எழுதிய நூலை நீதிபதிகள் தீர்ப்பில் விரிவாக எடுத்தாண்டார்கள். மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால்தான் மருத்துவர் மீது குற்ற வழக்கு, அதற்கு முன் சார்பற்ற ஒரு மருத்துவரின் கருத்து வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. சட்டத்தின் பக்கம் அவ்வளவு தெளிவு இருக்கிறது. ஆனால் காலி சிலிண்டர் படுக்கை அருகே வந்தது எப்படி, நிறைந்ததும் காலியும் எங்கே சேர்த்து அடுக்கப்பட்டிருந்தன, யார் எப்போது அளந்து பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் நீதிமன்றம் சொல்ல முடியாது. அது மருத்துவமனையின் வேலை. தப்பை வெளியே சொன்னால் வேலை போகும் என்ற பயம் இருக்கும் இடத்தில் அந்த வேலை நடக்காது. நேரவிருந்து தப்பிப்போன தவறுகளை யாரும் சொல்ல மாட்டார்கள், அடுத்த சாவு வரை எதுவும் தெரியவும் தெரியாது.

சிரிஞ்சின் முனை விஷயத்திலும் மாற்றம் வந்திருக்கிறது. 2016இல் வெளியான சர்வதேசத் தரம் ஒன்று, தண்டுவட ஊசிகளுக்கென்று லூயர் முனையைவிட ஐந்தில் ஒரு பங்கு சிறிய, வேறு அளவான முனையை வகுத்தது. அந்த ஊசியில் சாதாரணச் சிரிஞ்சு ஏறாது. மஞ்சள் நிறத்தில் வருவதால் பார்த்ததும் தெரியும். மாறுவதில் சிக்கல் உண்டு. ஊசி, சிரிஞ்சு, வடிகட்டி, குழாய் எல்லாம் ஒரே நேரத்தில் மாற வேண்டும். பாதி மாறிய மருத்துவமனையில், அவசரத்துக்குப் பொருந்தவில்லையே என்று பழைய முனைக்கும் புதிய முனைக்கும் நடுவே ஒரு இணைப்பைச் செருகிவிட்டால் பாடுபட்டதெல்லாம் வீண். புதிய முனையுள்ள ஊசிகளின் விலையும் அதிகம்.

பைக்கு அந்தச் சிக்கல் இல்லை. நம் ஊர்களில் பல இடங்களில் நோயாளியின் அண்ணனோ அப்பாவோ சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போய், மெத்தோட்ரெக்சேட் குப்பியையும் வின்கிரிஸ்டின் குப்பியையும் ஒரே கேரி பேக்கில் போட்டு வார்டுக்குக் கொண்டுவருகிறார். செவிலியர் அங்கேயே சிரிஞ்சில் ஏற்றுகிறார். லண்டனிலும் நாட்டிங்ஹாமிலும் இருந்த நிலைமையைவிட இதில் ஆபத்து கூடுதல். தனியாக மருந்தகம் கட்டாமலே, வின்கிரிஸ்டின் குப்பியை உடைத்ததும் 50 மில்லி சலைனில் சேர்த்துவிட வேண்டும், சிரிஞ்சில் வைக்கவே கூடாது என்று ஒரு வார்டு இன்றே முடிவெடுக்கலாம். தண்டுவட மருந்து அந்த அறையை விட்டுப் போன பிறகே நரம்பு மருந்து உள்ளே வர வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். பல பெரிய புற்றுநோய் மையங்கள் ஏற்கெனவே இப்படித்தான் செய்கின்றன. பாதுகாப்பான மருந்துப் பயன்பாட்டுக்காக அமெரிக்காவில் இயங்கும் நிறுவனம் இந்தத் தவறைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கண்காணித்து வருகிறது. பையில் கலந்து கொடுத்த வின்கிரிஸ்டின் தவறுதலாகத் தண்டுவடத்துக்குள் போனதாக அதற்கு ஒரு புகார்கூட வந்ததில்லை.